பின்பக்க லிஃப்ட்காரர்

அந்த ஆஸ்பத்திரியில் அவருடைய முகத்தைத் தெரிந்தவர்கள் குறைவு. முதுகைத் தெரியாதவர்கள் கிடையாது. பெரிய டாக்டர் முதல் தரை துடைக்கிற அம்மா வரை எல்லோரும் பார்த்துப் பழகிய முதுகு அது. காக்கிச் சட்டை, வியர்வையில் வெளுத்த காலர், அதற்கு மேலே ஒழுங்காக வெட்டிய நரைமுடி. லிஃப்ட்காரர் என்றால் பட்டன் பலகையைப் பார்த்து நிற்க வேண்டும். பின்னால் நிற்பவர் சிரித்தாலும் அழுதாலும் அது நம் சமாசாரம் இல்லை. வேலைக்குச் சேர்ந்த அன்று யாரோ இப்படிச் சொல்லிக்கொடுத்தார்கள். மனிதர் அதையே கெட்டியாகப் பிடித்துக்கொண்டு காலத்தை ஓட்டிவிட்டார்.

முன்பக்கம் வேறு இரண்டு லிஃப்ட் உண்டு. சுற்றிலும் கண்ணாடி, தலைக்கு மேலே அழகான விளக்கு, எந்த மாடி என்று இனிமையாகச் சொல்ல ஒரு பெண் குரல். அவற்றுக்கு ஆள் தேவையில்லை. இவருடையது பின்பக்க லிஃப்ட். அழுக்குத் துணி மூட்டை, ஆக்ஸிஜன் சிலிண்டர், சாப்பாட்டு வண்டி, அப்புறம் இறந்தவர்கள். இறந்தவர்களை முன்பக்கமாகக் கொண்டுபோனால் மற்ற நோயாளிகளின் மனம் உடைந்துவிடுமாம். ஆகவே இந்தக் கட்டிடத்தில் சாவு என்று ஒன்று நடப்பதே இல்லை என்பதுபோல, வெள்ளைத் துணியில் சுற்றி, நெஞ்சிலும் இடுப்பிலும் காலிலும் முடிச்சுப் போட்டு, பின்பக்கமாகவே அடித்தளத்துப் பிணவறைக்கு இறக்கிவிடுவார்கள். சொந்தக்காரர்கள் கூட ஏறக்கூடாது. படி இறங்கி, கட்டிடத்தைச் சுற்றிக்கொண்டு வந்து சேர வேண்டும். எந்தப் புண்ணியவான் போட்ட விதியோ தெரியாது, ஆனால் அது மீறப்பட்டதே இல்லை.

ஜன்னல் இல்லாத பெட்டி. ஒரு மின்விசிறி, ஒரு முக்காலி, பட்டன் பலகைக்கு மேலே அவர் ஒட்டிவைத்த சிறு சிலுவை. வெளியே மழையா வெயிலா என்பதை ஏறுகிறவர்களின் செருப்பைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார். வெள்ளைத் துணி வந்தால் மட்டும் செருப்பையும் பார்க்க மாட்டார். சக்கரச் சத்தம் கேட்டதுமே பலகைப் பக்கம் முழுசாகத் திரும்பிவிடுவார். தள்ளிக்கொண்டு வந்த வார்டு ஆள் உள்ளே வந்து நின்று மூச்சு விட்டதும் கதவைச் சாத்துவார்; அடித்தளம் வந்ததும் திறப்பார். யார் போனது, ஆணா பெண்ணா, ஒன்றும் தெரியாது. தெரிந்துகொள்ளவும் கூடாது என்று அவருக்கு ஒரு பிடிவாதம்.

இந்தப் பிடிவாதம் மனைவி போன பிறகு வந்தது. மூட்டுவாதம் அந்த அம்மாவைக் கொஞ்சம் கொஞ்சமாக மடக்கிப் போட்டது. முதலில் விரல்கள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்தன. அப்புறம் மணிக்கட்டு, முழங்கால், கழுத்து. தலை வாரிவிடுவது, ரவிக்கைக் கொக்கி மாட்டிவிடுவது, சோறு பிசைந்து ஊட்டுவது எல்லாம் இவர்தான். ஆனால் கையை மட்டும் பிடிக்க முடியாது. போர்வை உரசினாலே உயிர் போகிற மாதிரி கத்துவாள். ஒரே கட்டிலில் படுத்துக்கொண்டு, பெண்டாட்டியின் கையைத் தொடாமல் வருஷக்கணக்காக வாழ்ந்த மனிதர் அவர். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

வாய் மட்டும் அவளுக்குக் கடைசி வரை மடங்கவில்லை. போவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் அவரைக் கூப்பிட்டாள்.

"இங்க பாருங்க. உயிர்த்தெழுதல்னு சொல்லி இந்த உடம்பை மறுபடியும் என் தலையில கட்டிடப் போறாங்க. எனக்கு வேணாம். ஆத்மா மட்டும் போதும், அது பாட்டுக்கு எங்கயாவது ஒரு ஓரமா இருந்துட்டுப் போகுது. நீங்க கர்த்தர்கிட்ட சொல்லிடுங்க."

"சரி, சொல்லிடறேன்."

"சும்மா சரின்னு சொல்லக் கூடாது. ஜெபத்துல சொல்லணும்."

"சொல்றேன்னு சொன்னேன் இல்ல?"

சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எல்லோரும் எழுந்து நின்று விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது அவரும் சொல்வார். கடவுள் மனிதனாகப் பிறந்தது, பாடுபட்டது, மரித்தது, உயிர்த்தது எல்லாம் சொல்வார். நம் உடலும் உயிர்த்தெழும் என்கிற இடம் வந்ததும் வாயைச் சாத்திக்கொள்வார். அந்த வரியைச் சொன்னால் அந்த உடம்பை அவளுக்குத் திரும்பக் கேட்டதாக ஆகிவிடும். எந்த மனசோடு கேட்பது?

ஒருநாள் போதகரைப் பிடித்துக்கொண்டு, "ஐயா, உடம்பு வேணாம்னு சொல்றவங்களுக்கு விலக்கு ஏதாவது உண்டா?" என்று கேட்டார். போதகர் தங்கமான மனிதர். எதைக் கேட்டாலும் பதில் சொல்லாமல் விடமாட்டார். அவரிடம் உள்ள ஒரே குறை அதுதான்.

"கவலையே வேண்டாம். அது மகிமையான சரீரம். நோய் கிடையாது, ஊனம் கிடையாது. எல்லாம் புதுசு."

"எல்லாமே புதுசா ஐயா?"

"எல்லாமே!"

போதகர் சந்தோஷமாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். இவர்தான் முழித்துக்கொண்டு நின்றார். நேரான விரலும் நிமிர்ந்த கழுத்துமாகப் புத்தம் புதிதாக ஒருத்தி வந்து நின்றால், அவள் யார்? எனக்கு என்ன உறவு? பழைய உடம்போடு வந்தால் அவளுக்கு நரகம். புது உடம்போடு வந்தால் அவளே இல்லை. எந்தப் பக்கம் போனாலும் சுவர். அவளை மறுபடி பார்க்க வேண்டும் என்று ஆசைப்படக்கூட வழியில்லாமல் மாட்டிக்கொண்டார். அதன் பிறகு யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. வேலைக்கு வருவார், ஏற்றுவார், இறக்குவார், வீட்டுக்குப் போவார்.

அன்று முற்பகல் மூன்றாவது மாடியில் மணி அடித்தது. கதவைத் திறந்தார். சக்கரச் சத்தம். வழக்கம்போலப் பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஸ்ட்ரெச்சரை உள்ளே தள்ளிவிட்ட வார்டு ஆளுக்கு, பிணவறையில் கொடுக்க வேண்டிய சீட்டை மேஜையிலேயே விட்டுவந்தது அப்போதுதான் ஞாபகம் வந்திருக்கிறது. ஒரு வார்த்தை சொல்லாமல் திரும்பி ஓடியிருக்கிறான். இவருக்குப் பின்னால் யாரோ ஏறி நின்றார்கள், மூச்சு விட்டார்கள். ஆள் ஏறியாயிற்று என்று இவர் கதவைச் சாத்திப் பட்டனை அழுத்தினார்.

மூன்றாவது மாடிக்கும் இரண்டாவது மாடிக்கும் நடுவே லிஃப்ட் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. விசிறியும் நின்றது. மங்கலாக ஒரு விளக்கு மட்டும் மிச்சம். இது அவருக்குப் புதிதில்லை. வாரத்துக்கு ஒருமுறையாவது அது இப்படி அடம்பிடிக்கும். புதிது என்னவென்றால், பின்னாலிருந்து ஒரு பெண்ணின் விசும்பல் கேட்டது.

திரும்பிப் பார்த்தார். நாற்பத்தைந்து வயது இருக்கலாம். கசங்காத புடவை, வீங்கிய கண்கள், வலது கட்டைவிரலோரம் காய்த்துப்போன மேடு. ஸ்ட்ரெச்சரின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நீங்க எப்படிம்மா உள்ள வந்தீங்க?"

"கதவு திறந்திருந்துச்சு. என் பையன் உள்ள இருந்தான். வந்துட்டேன்."

பலகையில் இருந்த பேசும் கருவியின் பட்டனை அழுத்தினார். கரகரவென்று காவலாளியின் குரல் வந்தது.

"என்னண்ணே, மறுபடியுமா? மெக்கானிக்குக்குச் சொல்லிடறேன். பயப்படாதீங்க, நாங்க இருக்கோம்!"

"எங்க இருக்காரு அவரு?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"வாசல் பக்கம் ஒரு ரூம்ல."

"அங்க ஃபேனுக்கு அடியில உட்கார்ந்துக்கிட்டுப் பயப்படாதீங்கன்னு சொல்ல எனக்குக்கூடத்தான் தெரியும். இங்க வந்து நின்னு சொல்லட்டும் பார்ப்போம்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிணத்தை வைத்துக்கொண்டு சிரிக்கிறோமே என்று உடனே வெட்கமாகவும் போயிற்று. முக்காலியை எடுத்து அவளிடம் கொடுத்தார். அவள் உட்காரவில்லை.

சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள். புருஷன் எப்போதோ விட்டுப்போய்விட்டான். ஒரே பையன், கட்டிடங்களுக்குப் பெயிண்ட் அடிக்கிறவன். சாரத்திலிருந்து விழுந்தவனைத் தூக்கிவந்து அவசர சிகிச்சையில் போட்ட நாளிலிருந்து கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தாளே தவிர, உள்ளே விடவில்லை. இன்று காலையில் முடிந்துவிட்டது என்றார்கள். ஓடி வருவதற்குள் துணி சுற்றி முடிச்சும் போட்டுவிட்டார்கள்.

"அண்ணே, ஒரு கையை மட்டும் பார்த்துக்கறேனே."

"முடிச்சை அவிழ்க்கக் கூடாதும்மா. கீழ பிணவறைக்காரர் கையெழுத்துப் போட்டப்புறம் அவங்கதான் அவிழ்க்கணும்."

"கீழ போனா என்னை உள்ள விடுவாங்களா?"

விடமாட்டார்கள். விழுந்து செத்தவன் என்பதால் அறுத்துப் பார்ப்பார்கள். அதன் பிறகு முகத்தை மட்டும் திறந்து காட்டித் தைத்த உடம்பைக் கொடுப்பார்கள். இது அவருக்கு நன்றாகத் தெரியும். பொய் சொல்லலாம் என்று வாயைத் திறந்தார். வரவில்லை.

அவருக்கு வியர்த்துக் கொட்டியது. காற்று கனத்துக்கொண்டே போனது. ஏதாவது ஒரு கதவு திறந்தால் ஓடிவிடலாம் போலிருந்தது. எங்கே ஓடுவது? நாலு பக்கமும் தகரம், நடுவில் அந்தப் பெண்ணின் கண். கடைசியில், "பட்டது படட்டும்" என்று சொல்லிக்கொண்டே குனிந்து இடுப்பு முடிச்சை அவிழ்த்தார். துணியை விலக்கி அந்தப் பிள்ளையின் வலது கையை எடுத்து வெளியே வைத்தார். நகக்கண்ணில் நீலப் பெயிண்ட். மணிக்கட்டுக்கு மேலே முக்கோணமாக ஒரு பழைய தழும்பு.

அவள் அந்தக் கையை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். அழுது முடிக்கிற வரை அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இந்தத் தழும்பு என்னாலதான்" என்றாள் அப்புறம். "தவழ்ற வயசு. கடைக்குத் தூக்கிட்டுப் போயிருந்தேன். நான் சட்டையை மடிக்கிற நேரத்துல இஸ்திரிப் பெட்டியைப் பிடிச்சு இழுத்துட்டான். பெரியவனானதும் இதைக் காட்டிக் காட்டியே என்கிட்ட காரியம் சாதிச்சுப்பான். படுபாவி."

தலையை நிமிர்த்தியபோது சிலுவை அவள் கண்ணில் பட்டது.

"நீங்க கிறிஸ்தவங்களாண்ணே?"

"ஆமாம்மா."

"உங்க சாமி மனுஷனா வந்து பொறந்தாருன்னு சொல்வாங்களே. எதுக்கு? மேல இருந்தே எல்லாத்தையும் சரி பண்ணியிருக்கலாமே?"

நம்முடைய பாவங்களுக்காக என்று ஆரம்பித்தார். சின்ன வயதில் மனப்பாடம் செய்த பதில். பாதியில் அவருக்கே அது வேறு யாருடைய குரலோ போலக் கேட்டது. நிறுத்திக்கொண்டார்.

"நீங்க இப்ப சொன்னீங்களே, இங்க வந்து நின்னு சொல்லட்டும்னு. அதுக்குத்தான்னு நினைக்கிறேன்."

போதகர் கேட்டிருந்தால் கொஞ்சம் திருத்தம் சொல்லியிருப்பார். அந்தப் பெண் தலையை ஆட்டினாள்.

"வந்து?"

"வந்தாரு. நம்மள மாதிரியே பசிச்சுது, களைச்சுப் போனாரு, அழுதாரு. ஆணி அடிச்சுக் கொன்னாங்க. இதோ இப்படித்தான் துணியில சுத்தி வச்சாங்க."

"அப்புறம் எழுந்து வந்தாராக்கும்."

"வந்தாரு."

"ஆவியாவா?"

"இல்ல. உடம்போடதான்."

அந்தச் சொல்லை அவர் வாய்விட்டுச் சொல்லி எத்தனையோ காலம் ஆகியிருந்தது. இஸ்திரிக்காரி தன் மகனின் தழும்பைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே கேட்டாள்:

"காயமெல்லாம் ஆறியிருந்துச்சா?"

"ஆறல. கையில ஆணி அடிச்ச ஓட்டை அப்படியே இருந்துச்சு. சீஷன் ஒருத்தரு நம்ப மாட்டேன்னுட்டாரு. இந்தா, விரலை விட்டுத் தொட்டுப் பாருன்னாராம்."

"சாமிதானே? அதைச் சரி பண்ணிட்டு வரத் தெரியாதா?"

"தெரியாம இருக்குமா? ஆனாலும் அதோடதான் வந்தாரு."

"ஐயோ, வலிச்சிருக்குமே."

"இல்லம்மா, வலிக்கல. வலிச்சா தொடச் சொல்ல மாட்டாரு. வலிக்கிறவங்க..."

அங்கேயே நின்றுவிட்டார். வலிக்கிறவர்கள் தொட விடமாட்டார்கள். இந்த உலகத்தில் வேறு யாருக்குத் தெரிகிறதோ இல்லையோ, அவருக்குத் தெரியும். பிறந்ததிலிருந்து கேட்டுக் கேட்டுக் காது மரத்துப்போன கதை அது. எத்தனை ஈஸ்டர், எத்தனை பிரசங்கம்! ஒரு தடவைகூட இது தோன்றவில்லையே என்று திகைத்துப்போனார்.

"அப்ப சரிதான்" என்றாள் அவள், ஏதோ ஒரு பெரிய சந்தேகம் தீர்ந்தவள் மாதிரி. "துடைச்சு மெழுகிப் புதுசா அனுப்பினா நான் இவனை எப்படிக் கண்டுபிடிப்பேன்? எல்லாப் பிள்ளையும் ஒண்ணு மாதிரியே இல்ல இருக்கும்?"

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் தலைக்கு மேலே தடதடவென்று சத்தம். மூன்றாவது மாடிக் கதவை நெம்பித் திறந்தார்கள். லிஃப்டின் மேல்பாதியில் ஒரு ஆள் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டு வெளிச்சம் விழுந்தது. குளிர்ந்த காற்றும் வந்தது. காவலாளி குப்புறப் படுத்துக்கொண்டு கையை நீட்டினான்.

"அண்ணே, வழியில ஒரே நெரிசலாம், மெக்கானிக் வர நேரமாகும். முக்காலி மேல ஏறிக் கையைக் கொடுங்க, தூக்கிடறோம். அட, இந்தம்மா எப்படி உள்ள... சரி, ரெண்டு பேரும் வாங்க. பொணம் கிடக்கட்டும், அது எங்கயும் ஓடிடாது."

"நான் வரல" என்றாள் அந்தப் பெண்.

"என்னம்மா நீங்க, மூச்சு முட்டிச் சாகப் போறீங்களா? அண்ணே, நீங்களாவது வாங்க."

வழக்கமாக இப்படி மாட்டிக்கொண்டால் முதலில் வெளியே குதிக்கிற ஆள் அவர்தான். அந்தக் காற்று முகத்தில் பட்டபோது உடம்பு முழுவதும் அதன் பக்கம் சாய்ந்தது. ஒரு காலைத் தூக்கி முக்காலிமேல் வைத்தும்விட்டார். பிறகு அந்தக் காலை இறக்கினார்.

"நீ சாத்திக்கோ தம்பி. நான் இங்கயே இருக்கேன்."

"பொணத்துக்குக் காவலா?"

"இவங்களுக்குத் துணையா."

கதவைத் திறந்து போட்டு வைக்கக் கூடாது என்பதால், இவர்களுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று முணுமுணுத்தபடியே காவலாளி அதை இழுத்துச் சாத்தினான். வெளிச்சமும் காற்றும் போயின. பழையபடி புழுக்கம். அவர் தகரச் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தார். அவளும் முக்காலியை இழுத்துப் போட்டு, மகனின் கையை விடாமல், பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நீங்க போயிருக்கலாமேண்ணே."

"போயிருக்கலாம்."

அப்புறம் அவராகவே மனைவியைப் பற்றிச் சொன்னார். சாய்ந்த விரல்களை, கழுத்தை, தொட்டால் கத்துவதை, தன்னிடம் வாங்கிக்கொண்ட வாக்கை, போதகர் சொன்ன புது உடம்பை. தன் கையை அவள் முன்னால் நீட்டி, விரல்களை ஒரு பக்கமாக மடக்கி, "இப்படித்தான் இருக்கும், இப்படியே" என்று காட்டினார். அவளும் குனிந்து கவனமாகப் பார்த்தாள்.

"அவங்க வந்தா, கூட்டத்துல எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

"இந்த விரலை வச்சுத்தான்" என்றார்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. தன் மடங்கிய விரல்களையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நிமிர்த்தத் தோன்றவில்லை.

"வேணாம்னு சொல்லிட்டேம்மா" என்றார். "அவ சார்பா, ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் உடம்பு வேணாம்னே சொல்லிட்டு இருந்துட்டேன். ஆனா எனக்கு வேணும். அந்தக் கோணல் விரலோடவே வேணும். வலி மட்டும் இல்லாம இருந்தா போதும். ஒரு தடவை நல்லாப் பிடிச்சுப் பார்த்துடுவேன்."

"கேளுங்களேன் உங்க சாமிகிட்ட."

"கேட்டா அவளுக்குக் கொடுத்த வாக்கு போயிடும். திட்டுவா."

"திட்டுவாங்களா?"

"சும்மா விடமாட்டா. வந்ததும் வராததுமா ஆரம்பிச்சுடுவா." உள்ளங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "திட்டட்டும். என்னைத் திட்டுறதுக்காவது வரட்டும்."